அடுக்களைப் பக்கம்: தாகத்திற்குக் காரம்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், திருவனந்தபுரத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவும் ஒரு நாளேனும் பொன்முடிக்குச் சென்றுவர விரும்புவது இயல்பு. அவ்வாறு புறப்படவிருக்கும் சகோதரி ஒருவர் இப்பகுதிக்கு எழுதிய கடிதத்தில் பின்வருமாறு கேட்டிருக்கிறார்: "குழந்தைகள் மூவர், என் அத்தை, நாங்கள் இருவர், ஆக ஆறு பேர் செல்கின்றோம். வழியில் கடைப் பானங்களை வாங்கிக் கொடுக்க மனம் வரவில்லை. கொதித்து ஆறிய நீரையோ குழந்தைகள் தொடமாட்டார்கள். அத்தை எல்லாவற்றிலும் இஞ்சியும் சுக்கும் சேர்க்கச் சொல்கிறார்கள். வெயிற் காலத்தில் காரம் சேர்த்தால் உடம்புக்குச் சூடு அல்லவா? என்ன செய்து எடுத்துச் செல்லலாம்?"

வினா சிறியதுதான். ஆயினும் நம் இல்லங்கள் பலவற்றில் மாமியாருக்கும் மருமகளுக்கும், தாய்க்கும் மகளுக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் வழக்கு இதனுள் அடங்கியிருக்கிறது. முதியவர்கள் சுக்கு என்கிறார்கள். இளையவர்கள் பனிக்கட்டி என்கிறார்கள். இவ்வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்பதை ஆராய்ந்து, பிறகு செய்முறைகளுக்குச் செல்வோம்.

பொன்முடி நம் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களைத் தாண்டிக் கல்லாற்றை அடைந்து, அதன்பின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் நிற்போம். புறப்படும்போது முதுகில் வியர்வை வழியும். உச்சியை அடைந்ததும் மூடுபனி வந்து முகத்தைத் தடவும். ஒரே நாளில் இரண்டு பருவங்களைக் காணும் பயணம் இது. அடிவாரத்தில் உடம்பு கேட்கும் பானம் வேறு, உச்சியில் கேட்கும் பானம் வேறு. ஆனால் இரண்டிற்கும் பொதுவாக ஒரு பொருள் உண்டு. அதுவே இஞ்சி. பச்சையாக இருக்கையில் மோரிலும் எலுமிச்சம் பானத்திலும் அது சேரும். உலர்ந்து சுக்கானபின் காப்பியிலும் பானகத்திலும் சேரும்.

காரம் செய்யும் வேலை

நம் நாவிலுள்ள நரம்பு நுனிகளில், சூட்டை உணர்வதற்கென்றே அமைந்த நுண்ணிய வாயில்கள் உண்டு. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அவை திறந்து, "சுடுகிறது" என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பட்டாலும் அதே வாயில்கள் திறந்துவிடுகின்றன. மிளகிலும் இஞ்சியிலும் உள்ள காரப்பொருள்களும் அவற்றையே தட்டுகின்றன. இவ்வாயிலை 1997-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியசும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். இத்துறையில் செய்த ஆராய்ச்சிக்காக 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவரும் ஆர்டெம் பட்டபூட்டியனும் பகிர்ந்து பெற்றனர்.

ஆகவே காரம் உண்டவருக்கு நெருப்பின்றியே சுடும் உணர்ச்சி உண்டாகிறது. உடம்பு அதை நம்பி வியர்வையை வெளியேற்றுகிறது. வியர்வை உலரும்போது உடம்பு குளிர்கிறது. திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து உலர்ந்த காற்றில் இது நன்றாகவே நடக்கும். ஆனால் திருவனந்தபுரத்தின் ஈரக் காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வழிந்து கீழே விழுகிறது. ஆதலால் காரம் தின்றாலே குளிர்ச்சி வந்துவிடும் என்று சொல்வது மிகை. வெளியேறிய நீரையும் உப்பையும் ஈடுசெய்வதுதான் முக்கியம்.

அப்படியானால் பானத்தில் காரம் எதற்கு? மனிதரை நீர் குடிக்கச் செய்வதற்கு. கொதித்து ஆறிய நீர், தன்னுள் கரைந்திருந்த காற்றை இழந்து சப்பென்று இருக்கும். அச்சகோதரியின் குழந்தைகள் அதைத் தொடமறுப்பதற்குக் காரணம் அதுவே. அந்த நீருக்கு உயிரூட்டுவதற்கு மூன்று வழிகள் உள்ளன: பனிக்கட்டி இடலாம், சர்க்கரையைக் கொட்டலாம், சிறிது காரமும் மணமும் உப்பும் சேர்க்கலாம். முதல் இரண்டு வழிகளில் எளிமை உண்டு, இடரும் உண்டு. மூன்றாவது வழியே நம் முன்னோர் கண்டது.

சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். கடையில் விற்கும் 300 மில்லிலிட்டர் கோலாப் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கும். அது ஆறு அல்லது ஏழு தேக்கரண்டி. வளர்ந்த ஒருவர் நாள் முழுவதும் கொள்ளும் சேர்க்கைச் சர்க்கரை ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருந்தால் நலம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிய யோசனை. குழந்தைக்கு ஒரு புட்டியே அவ்வளவைத் தாண்டிவிடுகிறது. இஞ்சியும் ஏலமும் சேர்ந்த பானத்திலோ நாவுக்கு வேறு சுவை கிடைப்பதால் இனிப்பைப் பாதியாகக் குறைத்தாலும் குறை தெரியாது. பனிக்கட்டியின் இடர் இதைவிடப் பெரிது. அதைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது சொல்வேன்.

எனவே அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அளவு மட்டும் நம் கையில் இருக்கவேண்டும்.

தண்ணீரே முதல்

தமிழ்நாட்டிலிருந்து புதிதாகக் கேரளத்திற்கு வந்த குடும்பத்தினர், உணவு விடுதியில் இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வைக்கப்படுவதைக் கண்டு தேநீரோ என்று மயங்குவதுண்டு. அது பதிமுகம் என்னும் மரக்கட்டைச் சீவல் இட்டுக் காய்ச்சிய நீர். வேறு சில இடங்களில் சீரகநீர் கிடைக்கும். சுக்கும் ஏலத்தோலும் இட்ட நீரும் கிடைக்கும். இந்நாட்டு மக்களின் மிக நல்ல பழக்கங்களுள் இது ஒன்று. இங்கு வாழவந்த நாம் தயங்காமல் கைக்கொள்ளவேண்டியது இது.

காரணம் வெளிப்படை. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ கிருமி, தூய்மையற்ற நீரின் வழியே பரவுகிறது. 2024-ஆம் ஆண்டில் எறணாகுளம் மாவட்டத்து வேங்கூர்ப் பகுதியில் குடிநீர் வழியே இந்நோய் பரவி நூற்றுக்கு மேற்பட்டோர் துன்புற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. திருமண விருந்துகளில் முதலில் வழங்கப்படும் குளிர்பானங்களைக் குறித்தும் சுகாதாரத் துறையினர் எச்சரித்திருக்கின்றனர். நாம் எவ்வளவு நேர்த்தியாக எலுமிச்சை பிழிந்தாலும், அதில் இடும் பனிக்கட்டி எந்த நீரில் உறைந்தது என்பது நமக்குத் தெரியாது. மீன் வைப்பதற்காக உறையவைக்கும் பனிக்கட்டி குடிப்பதற்கு உரியதே அன்று.

வேறொரு பிழையும் வீடுகளில் நடக்கிறது. கொதித்த நீர் விரைவில் ஆறட்டும் என்று அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலந்துவிடுகிறார்கள். காய்ச்சிய பயன் அத்தனையும் அக்கணமே போய்விடுகிறது. இதைச் செய்யலாகாது என்று கேரளச் சுகாதாரத் துறை அடிக்கடி அறிவுறுத்திவருகிறது.

சீரக நீர் காய்ச்சும் முறை இது: 2 லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சீரகமும், தட்டிய சுக்கு ஒரு சிறு துண்டும் இட்டு அடுப்பில் வைக்கவும். நீர் தளதளவென்று கொதித்தபின் மேலும் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி மூடிவைக்கவும். மூடியபடியே தானாக ஆறவேண்டும். முதல்நாள் இரவே காய்ச்சிவிட்டால் காலையில் தயாராக இருக்கும். அன்றைக்கன்று குடித்துவிடுவது நல்லது. கீழே கூறும் பானங்கள் எல்லாவற்றிற்கும் இந்நீரையோ, வெறுமனே கொதித்து ஆறிய நீரையோதான் பயன்படுத்தவேண்டும்.

உயரம் கூடக் கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பதைக் குழந்தைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். பொன்முடி உச்சியில் நீர் 96 பாகையை ஒட்டிய சூட்டிலேயே கொதித்துவிடும். ஆயினும் அச்சூடு கிருமிகளை அழிக்கப் போதுமானதே. கல்லாற்றின் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதைக் கண்டு கையால் அள்ளிக் குடிக்க வேண்டாம். மேலே விலங்குகளும் குடியிருப்புகளும் உள்ளன. தெளிவு வேறு, தூய்மை வேறு.

அடிவாரம் வரை: சம்பாரம்

நம் நீர்மோரும் மலையாள நாட்டுச் சம்பாரமும் உடன்பிறந்தவை. நாம் கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டுவோம். இவர்கள் தாளிப்பதில்லை, இஞ்சி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, நாரத்தை இலை ஆகியவற்றை நசுக்கிப் போடுவார்கள். பயணத்திற்குச் சம்பாரமே ஏற்றது. எண்ணெய் இல்லாததால் குடித்தபின் நாவில் பிசுபிசுப்பு இராது.

வேண்டுவன (ஆறு பேருக்கு): கெட்டித் தயிர் 300 மில்லிலிட்டர், கொதித்து ஆறிய நீர் 1,200 மில்லிலிட்டர், இஞ்சி ஓர் அங்குலத் துண்டு, பச்சை மிளகாய் ஒன்று அல்லது காந்தாரி மிளகாய் இரண்டு, சின்ன வெங்காயம் நான்கு, கறிவேப்பிலை ஓர் ஈர்க்கு, நாரத்தை இலை இரண்டு, உப்பு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக.

செய்முறை: முதலில் நீர் சேர்க்காமல் தயிரை மட்டும் மத்தால் நன்றாகக் கடையவும். அதன்பின் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கடைந்து, திரளும் வெண்ணெயை எடுத்துவிடவும். மற்றப் பொருள்களை உப்புடன் சேர்த்து அம்மியிலோ உரலிலோ நசுக்கவேண்டும், விழுதாக அரைக்கக்கூடாது. அரைத்தால் காரம் முழுவதும் இறங்கிவிடும், இலைகள் கசக்கும். நசுக்கியதை மோரில் இட்டுக் கால் மணி நேரம் மூடிவைத்து வடிகட்டவும். நாரத்தை இலை கிடைக்காவிட்டால் எலுமிச்சை இலை சேர்க்கலாம்.

மோரில் மிளகாய் சேர்ப்பதன் நுட்பம் ஒன்று உண்டு. கேப்சைசின் நீரில் எளிதில் கரைவதில்லை. காரம் மிகுந்துவிட்டால் எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் தீராதது அதனால்தான். பாலிலும் மோரிலும் உள்ள கேசின் என்னும் புரதம் அக்காரப்பொருளைப் பற்றி நாவிலிருந்து விலக்கிவிடுகிறது. ஆகவே மோரில் காரத்தின் துடிப்பு இருக்கும், எரிச்சல் நிலைக்காது. எரிச்சலைத் தரும் பொருளும் தணிக்கும் பொருளும் ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன.

சம்பாரத்தைக் குளிரவைத்த எவர்சில்வர்க் குடுவையில் எடுத்துச் செல்லவும். பித்தளை, அலுமினியப் பாத்திரங்களில் புளிப்புப் பண்டங்களை வைத்தலாகாது. மூன்று மணி நேரத்திற்குள் குடித்துவிடவேண்டும். நேரம் ஆனால் வெங்காய வாடை மிகுந்து மோரும் புளித்துவிடும். காலை எட்டு மணிக்குப் புறப்படுபவர்கள் விதுராவைத் தாண்டுவதற்குள் குடுவையைக் காலி செய்துவிடலாம்.

கல்லாற்றங்கரையில்: குலுக்கி சர்பத்து

கோழிக்கோட்டுப் பக்கத்தில் பெயர்பெற்று, பின்னர் கேரளத்துச் சாலையோரக் கடைகளிலெல்லாம் பரவிய பானம் குலுக்கி சர்பத்து. குலுக்குதல் நமக்கும் சொந்தமான சொல்லாதலின் பெயருக்கு விளக்கம் வேண்டுவதில்லை. குழந்தைகளை மோரைவிட விரைவில் கவர்வது இதுவே, குலுக்கும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்துவிடலாம் என்பதனால்!

வேண்டுவன (இரண்டு தம்ளருக்கு): எலுமிச்சம்பழம் ஒன்று, சர்க்கரை மூன்று தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை, இஞ்சிச் சாறு அரைத் தேக்கரண்டி, நீளவாக்கில் கீறிய பச்சை மிளகாய் ஒன்று, திருநீற்றுப்பச்சை விதை ஒரு தேக்கரண்டி, கொதித்து ஆறிய நீர் 400 மில்லிலிட்டர்.

செய்முறை: திருநீற்றுப்பச்சை விதையைச் சபுஜா விதை என்றும் கடைகளில் கூறுவர். அதை அரைத் தம்ளர் நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் வெண்ணிறமாகப் பொதுமிவிடும். முழுவதும் ஊறாத விதையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைக்கும். எலுமிச்சையை மெதுவாகப் பிழியவும்; தோலை நசுக்கிப் பிழிந்தால் கசப்பு இறங்கும். எல்லாவற்றையும் மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு இருபது முறை குலுக்கி, உடனே மிளகாயை எடுத்து எறிந்துவிடவும். சிறிது நேரமே ஊறிய மிளகாயிலிருந்து மணம் வரும். காரம் மிகுதியாக இறங்காது. குழந்தைகளின் பங்கை மிளகாய் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்துவைக்கலாம்.

பயணத்தில் எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, இஞ்சிச் சாறு, உப்பு நான்கையும் கலந்து ஒரு சிறு கண்ணாடிப் புட்டியிலும், ஊறிய விதையை வேறொன்றிலும், நீரைக் குடுவையிலும் கொண்டுசெல்க. வேண்டும்போது கலந்துகொண்டால் சுவை கெடாது.

நிற்க. கல்லாற்றிலிருந்து மேலே செல்லும் வளைவுகளில் குழந்தைகளுக்குக் குமட்டல் வருவது வழக்கம். ஏறத் தொடங்குவதற்கு அரை மணி முன்பிருந்து வயிறு நிறைய எதையும் குடிக்கக் கொடுக்கவேண்டாம். இஞ்சிச் சாறு கலந்த பானத்தில் இரண்டு மூன்று வாய் மட்டும் கொடுத்தால் போதும். இஞ்சி பலருக்குக் குமட்டலைத் தணிக்கிறது என்பதை மருத்துவர்களும் ஒப்புக்கொள்கின்றனர்.

மலையுச்சியில்: சுக்குக்காப்பி

பொன்முடிச் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. மலையாள நாட்டு மலைத்தோட்டங்களில் கொழுந்து பறிப்பதற்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாக இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் எண்ணிறந்தன. நகரத்திற்குப் பணியின் பொருட்டு வந்த நமக்கு அவர்கள் மூத்த குடியேறிகள். பனியிலும் மழையிலும் நின்று உழைக்கும் அம்மக்களுக்குக் காய்ந்த இஞ்சியும் சூடான நீரும் எவ்வளவு அருமை என்பதை, அங்குள்ள பனியில் பத்து நிமிடம் நின்றாலே நாம் உணரலாம்.

இஞ்சி உலர்ந்து சுக்காகும்போது அதிலுள்ள காரப்பொருளில் ஒரு பகுதி மாறி முன்னிலும் உறைப்பான பொருளாகிறது. அப்பொருளுக்கு ஷோகாயோல் என்று பெயர்; ஜப்பானிய மொழியில் இஞ்சியைக் குறிக்கும் ஷோகா என்னும் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே சுக்கைப் பச்சை இஞ்சியின் அளவில் போட்டால் தொண்டை பற்றி எரியும். அளவு அறிந்து போடவேண்டும்.

வேண்டுவன (ஆறு பேருக்கு): சுக்கு 10 கிராம், மிளகு அரைத் தேக்கரண்டி, கொத்தமல்லி விதை இரண்டு தேக்கரண்டி, ஏலக்காய் மூன்று, துளசி இலை பத்து, கருப்பட்டி 70 கிராம், நீர் ஒன்றேகால் லிட்டர். காப்பிப்பொடி ஒரு தேக்கரண்டி, விரும்பினால்.

செய்முறை: "சுக்குக்குப் புறம் நஞ்சு" என்பது பழமொழி. ஆதலின் தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டே சுக்கைப் பயன்படுத்துக. கொத்தமல்லியை இலேசாக வறுத்து, சுக்கு, மிளகு, ஏலக்காயுடன் சேர்த்துக் கரகரப்பாக இடித்துக்கொள்ளவும். கருப்பட்டியைத் தனியாக நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து மண் நீங்க வடிகட்டவேண்டும். வடித்த நீரில் இடித்த பொடியை இட்டு ஐந்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவைத்துத் துளசியைப் போட்டு இறக்கி மூடவும். சிறிது தெளிந்ததும் மெல்லிய துணியில் வடித்து, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய குடுவையில் நிரப்பவும். பால் சேர்க்கவேண்டாம்; கருப்பட்டி சேர்ந்த கொதிநீரில் பால் திரிந்துவிடக்கூடும்.

நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பங்களில் பனங்கருப்பட்டிக்குக் குறைவிராது. உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் இன்னும் சிறப்பு. கிடைக்காதவர்கள் வெல்லம் சேர்க்கலாம். மணம் மட்டும் வேறுபடும்.

வீடு திரும்பியபின்: பானகம்

மலையிலிருந்து இறங்கி நகரத்தின் புழுக்கத்தை மீண்டும் அடையும்போது உடம்பு களைத்திருக்கும். அப்போதைக்குப் பானகம் நன்று. இராமநவமியன்று மட்டும் நினைக்கப்படும் பண்டமாக அது ஆகிவிட்டது வருந்தத்தக்கது.

ஒரு லிட்டர் நீரில் 80 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் நான்கின் பொடி, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி சேர்த்துக் கலக்கவும். மண்பானையில் அரை மணி நேரம் வைத்தால் பனிக்கட்டியின்றியே குளிர்ந்துவிடும். வெளியே கசியும் நீர் உலர்வதால் பானை குளிர்கிறது. காற்றோட்டமான இடத்தில் வைக்கவேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இவ்வளவில் செய்த பானகம் ஒரு தம்ளரில் ஏறத்தாழ 16 கிராம் வெல்லம் இருக்கிறது. வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையின் உறவினரே. நாட்டுப் பண்டம் என்பதற்காக அவற்றை அளவின்றிக் கொடுப்பது தவறு. குழந்தைக்கு ஒரு தம்ளர் போதும். தாகம் மிஞ்சினால் சீரக நீர் இருக்கிறது.

பிற நாடுகளில்

காரத்தைக் குடிக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோ நாட்டின் பழங்குடிகள் கொக்கோவை மிளகாயுடன் கலந்து பருகினர். கொலம்பசு 1492-இல் அமெரிக்கக் கரையை அடைந்தபின்னரே மிளகாய் வெளியுலகிற்கு வந்தது. போர்த்துக்கீசியர் வழியே நம் நாட்டை அடைந்தது. அதுவரை நம்மவர் அறிந்த காரம் மிளகும் இஞ்சியும் திப்பிலியுமே. புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே இட்டு மிளகாய் என்றனர். நம் மிளகுத்தண்ணீரோ வெள்ளைக்காரர் வாயில் முல்லிகட்டானி ஆகி, இங்கிலாந்தில் ஒருவகைச் சூப்பாக வாழ்கிறது.

இலங்கையில் உள்ள நம் உறவினர் யானை மார்க்கு இஞ்சிப் பானத்தை நன்கறிவர். ஆங்கில நாட்டில் பதினெட்டாம் நூற்றாண்டில் இஞ்சியும் சர்க்கரையும் புளிக்கவைத்துச் செய்த பானத்தின் வழிவந்தது அது. அதனை வீட்டில் செய்ய முயலும் சகோதரிகள் ஒன்றை நினைவிற்கொள்க. புளிக்கும்போது எழும் வாயு, இறுக மூடிய கண்ணாடிப் புட்டியை வெடிக்கச்செய்யும். பயணத்திற்கு அது ஏற்றதன்று. பினாங்கிலும் பத்துமலையிலும் தைப்பூச நாளில் தண்ணீர்ப் பந்தல் அமைத்து வருவோர்க்கெல்லாம் பானம் வழங்கும் நம்மவர், கடல் தாண்டியும் இவ்வறத்தைக் கைவிடவில்லை.

மிளகாயின் காரத்தை அளப்பதற்கு 1912-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்தியலார் வில்பர் ஸ்கோவில் ஒரு முறை வகுத்தார். மிளகாய்ச் சாரத்தைச் சர்க்கரை நீரில் மேலும் மேலும் கலந்து, சுவைப்பவர்களுக்குக் காரம் தெரியாமற்போகும் வரை நீர்க்கச்செய்வதே அம்முறை. எத்தனை மடங்கு நீர்த்ததோ அதுவே காரத்தின் அளவு. நம் பாட்டிமார் இதனையே நாவை அளவுகோலாகக் கொண்டு செய்துவந்தனர். ஒரு குடம் மோருக்கு எத்தனை காந்தாரி என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம்.

எவர் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்?

வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மிளகாயையும் மிளகையும் விலக்கி, சீரகமும் கறிவேப்பிலையும் மட்டும் சேர்த்த மோரை அருந்தலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைக்கவேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பானகமும் இனிப்பிட்ட சுக்குக்காப்பியும் ஏற்றவையல்ல. அவர்களுக்குக் கருப்பட்டி சேர்க்காமல் தனியாக ஒரு குடுவையில் எடுத்துவைக்கவும். ஒரு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இப்பானங்கள் எவையும் வேண்டாம்.

வயிற்றுப்போக்கு கண்டால் இப்பானங்களை மருந்தாகக் கருதிக் காலம் போக்கக்கூடாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் செல்லவேண்டும். மருந்துக் கடைகளில் இதற்கென விற்கும் பொட்டலம் இருந்தால் அது இன்னும் நன்று. பயணப் பையில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, பொன்முடிக்கு என்று எழுதத் தொடங்கிய இக்குறிப்புகள் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் எடுத்துச்செல்லும் குடுவைகளுக்கும் பொருந்தும். மேலே கூறிய நான்கு பானங்களில் எதற்கும் அரை மணி நேரத்திற்குமேல் கைவேலை இல்லை. இஞ்சியை நசுக்கும்போது பிள்ளைகளை அருகில் அழைத்துக்கொள்ளுங்கள். தாயகத்தை விட்டு வந்த குடும்பங்களில் மொழி மறப்பதற்கு முன்பே சில சுவைகள் மறந்துவிடுகின்றன. சம்பாரத்தையும் நீர்மோரையும் குடித்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறியும் பிள்ளை, இந்த ஊரையும் அறியும். தன் ஊரையும் அறியும்.

உங்கள் இல்லங்களில் பாட்டிமார் கையாளும் அளவுகள் வேறாக இருப்பின் இப்பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். பயன்படத்தக்கவற்றை வெளியிடுவோம். அடுத்த இதழில் நம் புளியையும் இந்நாட்டுக் குடம்புளியையும் பற்றிப் பேசுவோம்.